இரண்டாவது லேஞ்சி

விற்பனைக்காரன் கைக்குட்டையளவு வெள்ளை லேஞ்சியைத் தூக்கிக் காட்டியதும் சபீனா ஓரடி பின்வாங்கினாள்.

நடுவில் கறுப்பாய் ஒரு வட்டம்.

சற்று முன்புதான் அவள் தன் பழைய மெஷினால் தூசி இழுத்த கம்பளம் அது. அதே இடத்தில் அவன் புது மெஷினைப் போட்டு, குழாய்க்குள் லேஞ்சியைச் செருகி இழுத்திருக்கிறான்.

சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்ததும் காத்தான்குடிக்கு என்னென்னவோ வருமென்று ஊர் பார்த்திருந்தது. கொழும்பிலிருந்து இவன் வந்தான், கழுத்தில் ரை கட்டிக்கொண்டு.

இந்த அழுக்கிலா என் தம்பி படுத்தெழும்புகிறான் என்று கேட்டாள் புருசனின் மூத்த சகோதரி ஹவ்வா உம்மா. உலைவாயை மூடலாம், அவள் வாய்க்கு மூடி கிடையாது. அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கச் சபீனா ஊத்தைக்காரி ஆகிவிடுவாள்.

புருசன் றவூப் பழைய மெஷினைத் தூக்கினான். அதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பார்களாம்.

"அத வைங்க," என்றாள் சபீனா. பிறகு விற்பனைக்காரனிடம், "இனி எண்ட மெஷின அதே இடத்தில போடுங்க தம்பி. வேற லேஞ்சி வச்சு."

அவன் சிரித்தான். தன் மெஷின் போன இடத்தில் இனி என்ன கிடக்கிறது என்றான்.

ஒன்றும் வராவிட்டால் மானம் போகும். வருமா என்று அவளுக்கும் தெரியாது. றவூபின் சலவை லேஞ்சியை எடுத்துத் தானே செருகினாள். கிழட்டு மெஷின் இருமிக்கொண்டு ஓடியது.

எடுத்துப் பார்த்தால், கறுப்பு வட்டம். அவனுடையதைவிடக் கொஞ்சம் பெரிதும்கூட.

அவன் வேர்த்துப்போய்த் தன்னுடையதை மறுபடி போட்டான். கறுப்பு. அவள் தன்னுடையதைப் போட்டாள். அதுவும் கறுப்பு. எவர் பிறகு இழுக்கிறாரோ அவர்தான் கெட்டிக்காரர் என்று ஹவ்வா உம்மாவே விழுந்து விழுந்து சிரித்தாள். விற்பனைக்காரன் வயரைச் சுருட்டினான்.

சபீனாவும் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இத்தனை சந்தோசம் அவளுக்குக் கலியாணத்தன்றும் வந்ததில்லை.

அன்றைக்குத்தான் றவூபிடம் சொன்னாள். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள், எல்லோரும் நினைப்பதுபோல் தவணை முடிந்து வரவில்லை. அங்கேயும் ஒருவன் மெஷின் விற்க வந்து, இப்படித்தான் ஒரு லேஞ்சியைக் காட்டினான். எசமானி அதை இவள் முகத்தில் எறிந்து, வேலைக்கள்ளி என்று இதே பழைய மெஷினோடு விமானம் ஏற்றிவிட்டாள்.

உண்மையிலேயே கள்ளம்தான் செய்தோமோ என்று இத்தனை வருடமும் அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

அவள் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறாள்.