என் காலடியிலும் ஒரு பிரேக்

டமால்.

கேட்டின் ஒரு கதவு கீலோடு பெயர்ந்து, காரின் மூக்கின் மேல் சாய்ந்தது.

போன வாரம்தான் அம்மா அதற்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தாள். ஆள் வைக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு நாள் தானே அடித்தாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகுகிறாள். இன்று நான்காவது வகுப்பு. பழக்குகிறவள் நான். பதினாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் அதுதான் என் பிழைப்பு.

"செத்தேன்க்கா. அம்மா இன்னிக்கு என்ன உரிச்சு உப்புத் தடவிடுவா."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். கேட்டைப் பார்த்தாள். டிரைவர் சீட்டைப் பார்த்தாள்.

"கண்ணு என்ன பொடனியிலயாடி இருக்கு? இத்தாம் பெரிய கேட்டு தெரியல? ஒரு டம்ளர் தண்ணிய சிந்தாம கொண்டு வரத் தெரியாது, கழுதைக்குக் கார் ஒண்ணு கேடு. எறங்குடி கீழ."

தங்கை இறங்கினாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அதே கையால் அவள் நெற்றியில் காயம் இருக்கிறதா என்று முடியை ஒதுக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே திட்டினாள். ஆறாம் வகுப்பில் தொலைத்த குடை முதல், நேற்று எடுக்காத போன் வரை எல்லாம் வந்தது.

நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பது போல.

நான் இந்த வீட்டுக்குக் காப்பகத்திலிருந்து வந்தவள். வரும்போது வயது நாலு. இரண்டு வருடம் கழித்துத் தங்கை பிறந்தாள். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஊருக்கே தெரியும்.

துணியில், சாப்பாட்டில், படிப்பில் அம்மா எனக்கு ஒரு குறை வைத்ததில்லை. திட்டு மட்டும்தான் தரவில்லை.

கணக்கில் தோற்றேன். பரவாயில்லம்மா என்றாள். அவள் கல்யாணப் புடவையை இஸ்திரி போட்டுப் பொசுக்கினேன். பரவாயில்லம்மா, கை சுட்டுக்கலையே என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். மூன்றே வருடத்தில் அவனை விட்டுவிட்டும் வந்து நின்றேன். இரண்டு தடவையும் அதே பரவாயில்லம்மாதான்.

தங்கை உப்பை அதிகம் போட்டால்கூட வீடு இரண்டாகும்.

உரிமை இருக்கிற இடத்தில்தானே வாய் நீளும்.

இன்று வரும் வழியெல்லாம் தங்கை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். முடி வெட்டிக்கொண்டதற்குக் காலையில் போனிலேயே அரைமணி நேர அர்ச்சனையாம். அலுத்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது நகையைக் காட்டுவது போல இருந்தது. தெரு திரும்பும்வரை வயிறு எரிந்தது.

காரிலிருந்து இறங்கினேன்.

"அவ மேல தப்பில்லம்மா. பழக்குற வண்டி இது. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. கேட்டு வர்றத நான் பார்த்தேன். மிதிக்கல. வேணும்னேதான்."

அம்மாவின் வாய் பாதி வார்த்தையில் நின்றது.

காத்திருந்தேன். கன்னத்தைக் காட்டாத குறைதான்.

அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கரண்டி கீழே இறங்கியது. குரலும் இறங்கியது.

"உனக்கு ஒண்ணும் அடிபடலையே? பரவாயில்லம்மா. கேட்டுதானே."

பதினாறு வருடத்தில் ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை நான். இதற்காகவா இடித்தேன்?

"என்னையும் திட்டும்மா," என்றேன்.

"என்னது?"

"அவளத் திட்டின மாதிரி. நாப்பத்தொரு வயசாச்சு. இன்னும் எத்தன வருஷம் நான் இந்த வீட்டுல விருந்தாளியாவே இருக்கணும்?"

"வேணும்னா என் பங்கையும் நீயே எடுத்துக்கோக்கா," என்றாள் தங்கை. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். உண்மையாகவே முயற்சி செய்தாள் என்று தெரிந்தது. ஒரு சொல்கூட வரவில்லை.

சாய்ந்து கிடந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நீ வந்த மூணாம் நாளு, செவுத்துல கிறுக்கினதுக்கு ஒரே ஒரு அதட்டு அதட்டினேன். நீ அழல. உள்ள போய் உன் ரெண்டு கவுனையும் மடிச்சு எடுத்துட்டு வந்து, 'என்னை எப்பத் திரும்பக் கொண்டு போய் விடுவீங்க'ன்னு கேட்ட."