சம்பந்தி வீட்டு ஆர்க்கிட்

சம்பந்தியம்மாள் பால்கனியில் இருந்த ஆர்க்கிட்டின் இலையைத் தொட்டார். விரல் பிசுக்கென்று ஒட்டியது.

"என்ன அண்ணா, இலைக்கு எண்ணெய் ஏதும் தடவறீங்களா?"

ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி நிமிர்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் நின்றிருந்தார். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"எண்ணெயா? அதெல்லாம் இல்ல. செழிப்பா இருக்குல்ல, அதான் மினுமினுன்னு இருக்கு."

செழிப்பு என்றுதான் அவரும் நம்பியிருந்தார். தொலைபேசியில் சம்பந்தி வீட்டாரிடம் அப்படித்தான் சொல்லி வந்தார்.

அம்மாள் இலையைப் புரட்டினார். இலை தண்டோடு சேரும் இடுக்கில், பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக.

மாவுப்பூச்சி.

அதிகாரிக்குக் காது மடல் சுட்டது.

பெண்ணைக் கொடுத்த வீடு. கல்யாணத்தன்று தங்கள் வீட்டுத் தாய்ச்செடியிலிருந்து ஒன்றைப் பிரித்து, பீங்கான் தொட்டியோடு அவர் கையில் கொடுத்தவர்கள். "எங்க செடியை நீங்க பாருங்க, உங்க பொண்ணை நாங்க பாத்துக்கறோம்" என்று சம்பந்தி சபை நடுவே சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சரி என்று தலையசைத்தார். அவர் தலையசைத்தால் அது பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அந்தச் சம்பந்திதான் இப்போது கூடத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பூவைப் பாக்கப் போனவங்களைக் காணோம்? செடிக்குத் தாலாட்டு பாடறீங்களா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இதோ வரோம்" என்றார் அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்குப் போய் முகம் வாடலாமா? ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும் கொண்டு வாங்க. பழைய பேப்பர் ஒண்ணு."

மருந்து அலமாரியிலிருந்து அதிகாரியே எடுத்து வந்தார். மனைவியைக்கூடக் கூப்பிடவில்லை.

அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து இடுக்கில் வைத்ததும் வெள்ளை கரைந்தது. அடியில் வெளிறிய சிவப்பில் ஒரு சின்னஞ்சிறு உடல் குச்சியோடு வந்தது.

"தேய்க்கக் கூடாது அண்ணா, தொட்டுத் தொட்டு எடுக்கணும். இலைக்கு அடியில, பூக்காம்புக் கணுவில, மொட்டுக்குப் பின்னால... ஒளியறதுல பலே கில்லாடிங்க. இவங்க விடற தேன்தான் அந்தப் பிசுபிசுப்பு. முட்டை பொரிச்சுப் பொரிச்சு வரும், வாராவாரம் பாத்து எடுக்கணும்."

"எங்க ஆபீசுல மாட்டியிருந்தா ஒண்ணுகூடத் தப்பியிருக்காது."

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரிக்கே உதடு லேசாக விலகியது. கல்யாணமான நாளாக இந்த அம்மாளிடம் அவர் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான்.

"சரி, வேரையும் பாத்துடுவோம். மேல இத்தனைன்னா, கீழ குடும்பமே குடியிருக்கும்."

"வேர் வேண்டாம்."

அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"பூத்திருக்கு. இப்ப அசைச்சா வாடிடும்."

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. பெட்டியைத் திறங்கள் என்றதும் எத்தனையோ பயணிகள் அவரிடம் இந்தக் குரலில்தான் பேசியிருக்கிறார்கள்.

"பூ போனா மறுபடி பூக்கும் அண்ணா. வேர்ல பூச்சி இருந்தா செடியே போயிடும்."

பேப்பரை விரித்துத் தொட்டியைச் சாய்த்தார். தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

செடி கழன்று வந்தது. பீங்கான் தொட்டிக்குள்ளிருந்து, நர்சரிப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தோடு.

அம்மாளின் கை நின்றது.

அவர் தம் கையால் பிரித்து நட்டுக் கொடுத்த செடியில் இந்தக் கிண்ணம் ஏது? அந்தச் செடி மழைக்காலம் முடியுமுன்பே அடியோடு அழுகிவிட்டது. அதே நிறம், அதே உயரம் தேடி அதிகாரி கடை கடையாக ஏறி இறங்கியது மனைவிக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஒரு செடியைக் காப்பாற்ற முடியாதவன் வளர்த்த பெண் என்று அவளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது அவர் மனதில் இருந்தது.

அதிகாரி சொல்ல வாயெடுத்தார்.

கூடத்திலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. கோப்பையோடு சம்பந்தியே பால்கனிக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, நம்ம வீட்டுச் செடி எப்படி இருக்கு?"

அம்மாள் பேப்பரின் ஓரத்தைக் கிண்ணத்தின் மேல் மடித்துவிட்டார்.

"பூச்சி பிடிச்சிருக்குங்க. நம்ம தாய்ச்செடியிலேர்ந்துதான் வந்திருக்கணும். நான்தான் சரியாப் பாக்காமக் குடுத்துட்டேன். இவ்வளவு நாள் அதோட மல்லாடி, அண்ணா உயிரோட வச்சிருக்காரு, பூவும் எடுத்திருக்காரு. நாமளா இருந்தா எப்பவோ தூக்கிப் போட்டிருப்போம்."

சம்பந்தியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"அட, எங்க பக்கத் தப்பா இது! மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி."

அதிகாரி கை கூப்பினார். யார் முன்னும் தழைந்தறியாத தலை மார்பு வரை தாழ்ந்தது.

தமக்குத்தான் என்று எண்ணி, சம்பந்தி கோப்பையை அவசரமாகக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் பதிலுக்குக் கூப்பினார்.

அம்மாள் நிமிரவே இல்லை. பஞ்சுக் குச்சியை மறுபடி ஸ்பிரிட்டில் தோய்த்து, பேப்பருக்கு மேலே தெரிந்த வேர் இடுக்குகளில் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.