நெஞ்சில் வைத்த அட்டை

"அவனோட அட்டை அவனோடயே போகட்டும் அண்ணி," என்றார் குவாபரா.

சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டி அவர் கையிலிருந்ததைப் பார்த்தார்கள். உள்ளங்கை அகல வட்ட அட்டை. அதில் இடதுகைப் பேஸ்பால் வீரர் ஒருவரின் படம். உலகப் போர் முடிந்த நாலாம் வருடம் மிட்டாய்க் கடையில் விற்றது. பையன்கள் தரையில் ஓங்கி அடித்து ஆடியே எல்லாவற்றையும் கிழித்துவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். ஜப்பானில் அட்டை சேர்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

முதலில் அது, பெட்டிக்குள் கிடக்கும் இனுயியுடையது. சின்ன வயதில் அவருடைய கூட்டாளி குவாபரா அதை ஆட்டத்தில் தன் அட்டையால் அடித்துப் புரட்டி ஜெயித்துக்கொண்டார். எழுபத்தைந்து வருடமாக இனுயி திருப்பிக் கேட்டார். வீட்டை விற்றுத் தருகிறேன் என்றுகூடக் கேட்டார். குவாபரா தரவில்லை.

"போன வாரம்கூட ஆஸ்பத்திரியில, ஒரு தடவை கையில வச்சுப் பார்த்துட்டா போதும்னார்," என்றாள் இனுயியின் மனைவி கிகுயே. "அப்பவே கொடுத்திருக்கலாமே தம்பி."

"புத்தி இப்பதான் வந்துச்சு. நல்லாத் திட்டுங்க."

தகனசாலை ஆள் எட்டிப் பார்த்தான். "பிளாஸ்டிக் உறையை எடுத்துடுங்க ஐயா. உருகி எலும்புல ஒட்டிக்கும்."

"எத்தனை சாவு பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் பார்க்க உறையை உரித்துக் கோட்டின் மேல்பையில் செருகிக்கொண்டார். வெறும் அட்டையை இனுயியின் நெஞ்சில் வைத்தார். ரெண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார் அட்டை சேர்ப்போர் சங்கத்துக்காரர்.

கிகுயே இடுப்பு வளையக் குனிந்தாள். "இத்தனை வருஷத்துல உங்களைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. மன்னிச்சிடுங்க."

பெட்டி நெருப்புக்குள் போனது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே இழுத்தார்கள். எலும்பெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரே எலும்பை இரண்டு பேர் சேர்ந்து மூங்கில் குச்சியால் எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். அது வழக்கம்.

கிகுயேவின் குச்சி மார்பெலும்பில் வந்து நின்றது. பழைய காகித அட்டை என்றால் சாம்பலாகப் பறந்திருக்கும். இங்கே கறுப்பாக, பளபளவென்று, அரை வட்டமாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

அவள் நிமிர்ந்து குவாபராவின் கோட்டைப் பார்த்தாள். உறையின் முனை இன்னும் மேல்பையில் நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

"வாங்க தம்பி," என்றாள். "இந்த எலும்பை மட்டும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுப்போம்."