கல்லுக்கு ஒரு வெள்ளிப் பீடம்

"ஏங்க பெரியவரே, உங்க மவன் தலையில எவன் இந்தக் கல்லைக் கட்டினான்?"

கேட்டுட்டேன். என் வாய் அப்படி. அரியலூர் கடைத்தெருவுல வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கேன், கல்லுலயும் சிலை செதுக்குவேன். போலின்னு தெரிஞ்சுட்டா அடக்கிக்க வராது.

விக்கிரமங்கலத்துக் கொளஞ்சியப்பன் போன வாரம்தான் கொண்டாந்து குடுத்தாரு. கன்னங்கரேல்னு ஒரு உருண்டைக் கல்லு, மேல நத்தை மாதிரி சுருள்.

"சாளக்கிராமம், ஆசாரி. பட்டாளத்துல இருக்கான்ல என் மவன் வீரமணி, நேபாளம் போனப்ப வாங்கி அனுப்பினான். இதுக்கு வெள்ளியில ஒரு பீடம் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை லீவுல வர்றான்."

பீடம் பண்ணி முடிச்சு, உக்கார வைக்கறதுக்கு முன்னாடி கல்லைச் சோப்பு போட்டுக் கழுவினா, கறுப்பெல்லாம் கரைஞ்சு ஓடுது! உள்ள பழுப்பா சுண்ணாம்புக்கல்லு.

"நம்ம ஊரு குவாரியில காலை இடறுற நத்தைச் சுருள் கல்லுங்க இது. சாயத்தைப் பூசி வித்துப்புட்டானுவ. அரியலூர்க்காரப் புள்ளைக்கு இதுகூடவா தெரியாது?"

கடையில நின்ன ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. பெரியவரு முகம் சுண்டிப்போச்சு.

"கறுப்பு மொத்தமும் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அவன் வர்றதுக்குள்ள திரும்பப் பூசிடுங்க ஆசாரி. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா குறுகிப்போயிடுவான்."

எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. "போலிக்கு நான் சாயம் அடிக்கணுமா? நல்லா இருக்கே! இது போலின்னு உங்க மவன்கிட்ட சொல்லுங்க. எதுக்கு வெள்ளியை வீணாக்குறீங்க?"

"போலின்னு பொட்டலத்தைப் பிரிச்சப்பவே தெரியும்."

"தெரிஞ்சேவா பீடம் பண்ணச் சொன்னீங்க?"

பெரியவரு கல்லைக் கையில எடுத்தாரு. அப்பதான் பாத்தேன், அந்தக் கையில ரெண்டு விரலுக்கு நகமே இல்ல.

"முப்பது வருசம் குவாரியில இதைத்தான் உடைச்சேன். அந்தத் தூசியெல்லாம் என்னோட போவட்டும்னு, அவனை அந்தப் பக்கமே அண்ட விடாம படிக்க வெச்சேன்."

ஈரம் காயாத கல்லைத் துண்டால துடைச்சு, என் பீடத்து மேல மெதுவா வெச்சாரு.

"இந்தக் கல்லு அவனுக்கு அடையாளம் தெரியல பாருங்க, அதுக்குத்தான் ஆசாரி பீடம்."