சோளக்காட்டு ஜோடி

“அந்தப் பொண்ணுக்கு அவரு தலைய துவட்டி வுடுறாரு, டாக்டர். அதப் பாத்துட்டுப் படுத்தா எனக்குத் தூக்கமே வரல.”

மணிமொழி இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் அறிவுச்செல்வன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கிற மனநல கிளினிக் அது. இருவரும் ரிஷிவந்தியத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டார்கள், ஆனாலும் கூட்டம். டோக்கன் கொடுக்கிற பெண் மட்டும் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாக, முதலில் உள்ளே அனுப்பிவைத்தாள். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

டாக்டர் ஏஞ்சலினுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. அடுத்தவர் சந்தோஷத்தைப் போனில் பார்த்துவிட்டு இங்கே வந்து அழுகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாஸ்தி. எந்த வீடியோ என்று கேட்டார்.

“சோளக்காட்டு ஜோடின்னு ஒரு சேனலு, டாக்டர்.”

இந்த ஜில்லாவில் சோளக்காட்டு ஜோடியைத் தெரியாதவர்கள் கம்மி. டாக்டர் அந்தக் கம்மியில் ஒருவர். நாளெல்லாம் செல்போனால் கெட்டவர்களைப் பார்ப்பவர், வீட்டுக்குப் போய் அதையே நோண்ட முடியுமா என்ன?

அந்த வீடியோக்களில் புருஷன் மண்வெட்டியோடு வரப்பில் நடப்பான். பெண்டாட்டி தூக்குவாளியோடு ஓடி வருவாள். அவன் முதல் கவளத்தை அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். அவ்வளவுதான் சங்கதி. இதைப் பார்த்துவிட்டு எத்தனை வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மணிமொழி போனை நீட்டினாள். டாக்டர் கையமர்த்தி, காட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றார்.

கடைசியாக வந்தது கரியாலூர் மலையருவி வீடியோவாம். அவளை மெல்ல நடத்திக் கூட்டிவந்து, பாறையில் உட்காரவைத்து, துண்டால் தலை துவட்டி விடுகிறானாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாளாம்.

“அன்னிக்கி மலையிலேர்ந்து எறங்குற வரைக்கும் இவரு எங்கூட ஒரு வார்த்த பேசல, டாக்டர். பஸ்ஸுல வேற சீட்டுல போய் ஒக்காந்துக்கினாரு.”

அறிவுச்செல்வன் மறுக்கவில்லை.

அவள் மிச்சத்தையும் கொட்டினாள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலை. பேசினால் சண்டை, பேசாவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. அந்தப் பெண்ணைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனாலும் போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

காலடியில் துணிப்பை ஒன்று கிடந்தது. டாக்டர் இன்றைக்கு ஒரு வழி சொன்னால் சரி, இல்லாவிட்டால் இப்படியே திருநாவலூரிலுள்ள அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன், திரும்ப மாட்டேன் என்றாள்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். பெண்டாட்டியையும் போனையும் சேர்த்துத் திட்டப்போகிறான் என்று நினைத்தார். எல்லாப் புருஷன்களும் அந்த நாற்காலியில் அதைத்தான் செய்வார்கள்.

“நானும் பாக்குறேன், டாக்டர். எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்குது. அந்த ஆளு மாரி ஒரு நாளு இருந்துட்டா போதும்னு தோணுது. முடியலையே.”

சொல்லிவிட்டு அவன் அழத் தொடங்கினான். ஆறடி ஆள், சத்தமே இல்லாமல் அழுதான். மணிமொழியின் கை அவன் பக்கம் நீண்டு, பாதியில் நின்று, அவள் மடிக்கே திரும்பிவிட்டது.

டாக்டருக்கு மனசு என்னவோ செய்தது. இருவருமே கெட்டவர்கள் இல்லை, ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசமும் இருக்கிறது. இதற்கு என்ன மாத்திரை எழுதிக் கொடுப்பது? அந்தச் சேனலையே தலைமுழுகிவிடுங்கள், இனி அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார்.

முடியாது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

“அதையும் வுட்டுட்டா எங்களுக்கு இன்னா இருக்குது, டாக்டர்?” என்றாள் மணிமொழி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒரு நிமிஷ வீடியோவில் தெரிகிறதுதான் வாழ்க்கையா, மீதி நேரத்தை யார் படம் பிடிக்கிறார்கள், எவனோ எவளோ சிரிக்கிறதைப் பார்த்து நல்ல குடும்பத்தை உடைத்துக்கொள்வீர்களா என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். இருவரும் தலையாட்டவில்லை. அவருக்கே கொஞ்சம் எரிச்சல் வந்தது.

“கேமராவ ஆஃப் பண்ணதுக்கப்புறம் அந்த ஜோடியும் உங்கள மாதிரியே மூலைக்கு ஒருத்தரா அழுதுகிட்டு இருக்கலாம். அவங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

மணிமொழி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அறிவுச்செல்வன்தான் பதில் சொன்னான்.

“தெரியும், டாக்டர். அந்த ஜோடியே நாங்கதான்.”