ஏரிக்குள் ஏணி

கடைக்குள் கால்வின் நுழைந்ததுமே வெர்னனுக்குத் தெரிந்துவிட்டது, இது சுத்த மண்டு என்று.

நெவாடா பாலைவனத்தின் நடுவே, மொட்டைக் குன்றுகளுக்கு இடையில் கிடந்த அந்த உப்பு ஏரிக்கு மீன் பிடிக்க வருகிறவர்களுக்குத் தூண்டில் சாமான் விற்பதும், கூடவே போய்க் கற்றுக்கொடுப்பதும் வெர்னனின் பிழைப்பு. ஒரு மண்புழுவோடு முடிகிற வேலைக்கு, இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி, குளிரில் விறைத்து, கடைசியில் அகப்பட்ட மீனுக்கு முத்தம் கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற பைத்தியங்கள்! அவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம்.

இந்தக் கால்வின் அந்தப் பைத்தியங்களுக்கெல்லாம் ராஜா. கடைக்குள்ளும் கையுறையைக் கழற்றவில்லை. தூண்டில் நூல் சுற்றும் ரீலைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "என்ன, சுத்தவே மாட்டேங்குது?" என்றான். மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் அழகு பார்த்தான். பிறகு சுவரில் சாய்த்திருந்த ஏணிகளைக் காட்டினான்.

"ஏணி எதுக்கு மாஸ்டர்? வெள்ளையடிக்கவா?"

"மீன் பிடிக்க சார். இந்த ஏரில ஏணியத் தண்ணிக்குள்ள நிறுத்தி, மேல ஏறி நின்னுதான் வீசணும். அப்பத்தான் ஆழத்துல போற பெரிய மீனு எட்டும்."

"அப்ப ரெண்டு குடுங்க. ஒண்ணு உடைஞ்சுட்டா?"

வெர்னன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருப்பதிலேயே விலை கூடியதாகப் பார்த்துத் தலையில் கட்டினான். கால்வின் பேரமே பேசாமல் நோட்டுகளாக எடுத்து நீட்டினான்.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் வெர்னன் காரைப் பார்த்தான். கறுப்பு நிறம், புத்தம் புதுசு, அவன் கடையில் பாதி அளவு இருந்தது.

"காரு ஜோரா இருக்கு சார்."

"இருந்து என்ன? சாவியத் தொலைக்காத நாளே இல்ல. நேத்து எங்க நிறுத்தினேன்னே மறந்துட்டேன்."

வெர்னனின் மனசு அப்போதே பக்கத்து மாநிலமான ஓரிகனுக்குக் கிளம்பிவிட்டது. நிஜமான ஆறுகள் ஓடுகிற ஊர் அது. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கார் வாங்கிக்கொள்கிற மைத்துனன் ஒருவனும் அங்கே இருந்தான். இந்தக் கார் ஒன்று போதும், இந்தப் புழுதிக்காட்டுக்கும் இந்த ஓட்டைக் கடைக்கும் ஒரேயடியாகக் கும்பிடு போட்டுவிடலாம். வேறு வழியில் தனக்கு விடிவு கிடையாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் பாடம் தொடங்கியது.

"சாவியத் தண்ணிக்குள்ள கொண்டுபோகாதீங்க சார். நனைஞ்சா அவ்வளவுதான், கார் கதவு திறக்காது. முன் டயர் மேல வெச்சுட்டு வாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்."

"திருடன் கிருடன் வந்தா?"

"பாலைவனத்துல பல்லிதான் சார் வரும்."

வழக்கம் உண்மையானதுதான். கரையில் நின்ற அத்தனை வண்டிகளின் சாவியும் டயர் மேல்தான் இருந்தது. ஏரிக்காரர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

கால்வின் தலையை ஆட்டிக்கொண்டு சாவியை வைத்துவிட்டு வந்தான். மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் ஏணியை நிறுத்தி, அவனை மேலே ஏற்றிவிட்டான் வெர்னன்.

"வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் இறங்கக் கூடாது. திரும்பியே பாக்காதீங்க, மீனு மிரண்டுடும்."

"நீங்க சொல்லிட்டா அசைய மாட்டேன் மாஸ்டர்."

சொல்லிவிட்டுக் கோலை வீசினான். கொக்கி அவன் தொப்பியிலேயே மாட்டிக்கொண்டது. இவனிடம் திருடாமல் விட்டால்தான் பாவம் என்று வெர்னனுக்குத் தோன்றியது. இன்னும் நல்ல பூச்சி வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று கரையேறி, கால்வினின் டயர் மேலிருந்த சாவியை எடுத்தான். கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தான். அந்த மண்டு திரும்பவே இல்லை.

வழி நெடுக வெர்னன் சீட்டியடித்துக்கொண்டு போனான். ஓரிகன் எல்லையைத் தாண்டியதும் போலீஸ் வண்டிகள் குறுக்கே வந்து நின்றன. நாலா பக்கமும் துப்பாக்கிகள் நீண்டன. இழுத்து இறக்கித் தார்ச்சாலையில் குப்புறப் போட்டார்கள். ஒரு கார் திருட்டுக்கு இவ்வளவு தடபுடலா என்று அவனுக்குப் புரியவில்லை.

"நெவாடாவுல, எல்கோ ஊரு பேங்க்ல கொள்ளையடிச்சு, காவலாளியச் சுட்டுட்டு இந்தக் கார்லதானடா ஓடின? முகமூடி போட்டா மூஞ்சிதான் மறையும், கார் நம்பருமா மறையும்?"

"ஐயோ, இது என் காரே இல்ல சார்! இப்பத்தான் திருடிட்டு வர்றேன்!"

"சீட்டுக்கடியில இருக்கிற துப்பாக்கியும் இப்பத்தான் திருடினியா?"

"சத்தியமா சார்! இதுக்குச் சொந்தக்காரன் அங்க ஏரிக்குள்ள ஏணி மேல நிக்கிறான். போய்ப் பாருங்க!"

ஓரிகன் போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாலைவனத்துல ஏரி, ஏரிக்குள்ள ஏணி, ஏணி மேல ஆளு. இன்னும் கொஞ்சம் நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றபடி ஒருவர் விலங்கை மாட்டினார்.

அதே நேரத்தில், ஏரிக்கரையில் காரைப் பறிகொடுத்து நின்ற புதியவனைக் கண்டு மனசு கேட்காத ஒரு வயதான தம்பதி அவனைத் தங்கள் வண்டியில் விமான நிலையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் காரைத் திருடிக்கொண்டு போக ஒரு புத்திசாலி அகப்பட மாட்டானா என்று ஊர் ஊராக மண்டு வேஷம் கட்டி அலைந்த களைப்பில், கால்வின் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.