ஒற்றைக் கை இரும்பு மனிதன்

வலைக் கொட்டகை வாசலில் தொங்கும் தார்ப்பாயின் ஓட்டைகள் வழியே நண்பகல் வெயில் டி.வி. மேல் புள்ளி புள்ளியாக விழுகிறது. ஜெகபர் அலி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் பொம்மைப்படம் வீடியோ டெக்கில் ஓடுகிறது. பேச்சு ஒருவருக்கும் புரியவில்லை. பனைமர உயர இரும்பு மனிதன் கடலுக்குள் நின்று, ஒரு குப்பத்தை விழுங்க வரும் அலையை மார்பால் தடுக்கிறான். வரைந்த அலை ஒன்றே ஒன்றுதான்; அதையே திரும்பத் திரும்ப விடுகிறார்கள். ஆனாலும் கோதண்டத்தின் மனைவி முனியம்மா மூக்கை உறிஞ்சுகிறாள். இரும்பு மனிதனின் வலது கை பிய்ந்து விழுகிறது. மிச்சமிருக்கும் கையால் அலையைத் தாங்குகிறான். அடுத்த காட்சியில் பார்த்தால், போன கை தோளில் இருக்கிறது.

“இன்னாய்யா இது, கையா பல்லி வாலா?” என்கிறார் ஊர்த்தலைவர் நீலமேகம். கொட்டகையே சிரிக்கிறது.

கோதண்டம் சிரிக்கவில்லை. போன ஆடியில் படகு இன்ஜினில் கயிறு சுற்றி அவனுடைய வலது கை முழங்கையோடு போனது. ஊரை ஒட்டிய ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று இன்று சாயங்காலம் ஊரில் சீட்டுப் போடுகிறார்கள். அவன் பெயரைச் சீட்டில் எழுதுவதா வேண்டாமா என்று நீலமேகம் இன்னும் முடிவு சொல்லவில்லை.

“பாய், பின்னால சுத்து. கை இல்லாம நிக்கிறான் பாரு, அங்க நிறுத்து” என்கிறான் ஜெகபர் அலியிடம்.

“டேப்பு தேய்ஞ்சிடும்பா.”

“தேயட்டும். ஒத்தக் கையாலயே நல்லாத்தான தாங்கினு இருந்தான்? இன்னொரு கைய எவன் கேட்டான்?”

சிரிப்பு அடங்குகிறது. படம் கோடு கோடாக நடுங்கி, ஒற்றைக் கையோடு நிற்கிறது. கோதண்டம் அதைப் பார்க்கவில்லை. நீலமேகத்தின் முகத்தைப் பார்க்கிறான். நீலமேகம் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.